வீடு மாறிய வாஷிங் மெஷின்: ஆட்டத்தையும் நாற்றத்தையும் நாமே சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

ஓசூரிலிருந்து தருமபுரிக்கு வீடு மாறி நான்காவது நாள். பாதிச் சாமான் இன்னும் அட்டைப் பெட்டிக்குள்தான் இருந்தது. சேர்ந்துபோன அழுக்குத் துணியை மெஷினில் போட்டுவிட்டு நான் கூடத்தில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தேன். "ஏங்க, மெஷின் நடந்து வருதுங்க" என்று வாஷ் ஏரியாவிலிருந்து மனைவியின் குரல். போய்ப் பார்த்தால், சுவரை விட்டு ஒன்றரை அடி நகர்ந்து வந்து, தன் பிளக்கைத் தானே பிடுங்கிக்கொண்டு நின்றிருந்தது. ஓசூரில் ஏழு வருடம் வாய் திறக்காமல் துவைத்த மெஷின் அது. அடுத்த வாரம் இன்னொரு கூத்து. துவைத்து எடுத்த துணியில் சாக்கடை வாடை.

மெக்கானிக்காக வந்த பையன் அரை நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மெஷின் மாறல சார். வீடுதான் மாறியிருக்கு."

அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஓடிக்கொண்டிருந்த மெஷின் வீடு மாறியதும் கெட்டுப்போனதுபோல் நடந்தால், மாறியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கீழே தரை மாறியிருக்கிறது. பின்னால் தண்ணீரும், அது வெளியேறும் வழியும் மாறியிருக்கின்றன. சுவரில் பிளக் பாயின்ட் மாறியிருக்கிறது. இதற்கெல்லாம் முன்னால், குட்டியானையின் முதுகில் சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் என்று தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஒரு குலுக்கல் பயணம். மோட்டார், போர்டு பக்கமெல்லாம் கடைசியில் போகலாம்.

கை வைக்கும் முன்

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய வயரிங்கில் சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பதும் உண்டு. அப்படியானால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் உள்ளே கரண்ட் நிற்கும். தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். 10 முதல் 13 மி.மீ. வரை ஸ்பானர், ஒரு கட்டிங் பிளேயர், டார்ச், பழைய துண்டு இரண்டு, விளிம்பு உயரமில்லாத ஒரு தாம்பாளம், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம். ரசமட்டம் இல்லாவிட்டால் செல்போனில் அதற்கான ஆப் இருக்கிறது. ஓரளவு சரியாகவே காட்டும்.

பிளக்கைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவோம். தண்ணீரைச் சூடாக்கும் மெஷின்களில் ஹீட்டர் மட்டுமே சுமார் 2000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. புது வீட்டின் வாஷ் ஏரியாவில் 6 ஆம்பியர் பாயின்ட்தான் இருக்கிறது, அதில் அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பாயின்ட் உருகும். 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும், அதில் எர்த்தும் உயிரோடு இருக்க வேண்டும். ஈரக்கையோடு மெஷின் உடம்பைத் தொடும்போது சுள்ளென்று இருந்தாலோ, டெஸ்டர் வைத்தால் எரிந்தாலோ, ஆட்டமும் நாற்றமும் கிடக்கட்டும், எலெக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சரிசெய்யும்வரை அந்த மெஷினை ஓட்டாதீர்கள். வாடகை வீடென்றால் ஹவுஸ் ஓனரிடம் இதைத் தயங்காமல் கேட்கலாம். சொகுசுக்குக் கேட்பதில்லை, உயிர் விஷயம்.

ஆட்டம்: முதல் சந்தேகம் பின்பக்க போல்ட்

ஃபிரண்ட் லோடு மெஷினுக்குள் டிரம் ஒரு பெரிய தொட்டிக்குள் சுற்றும். அந்தத் தொட்டி மேலே ஸ்பிரிங்குகளில் தொங்கும். கீழே டேம்பர்கள் அதன் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். தொட்டியோடு கனமான கான்கிரீட் கட்டைகளையும் பிணைத்திருப்பார்கள். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கியும் மூச்சு வாங்குவது இந்தக் கட்டைகளால்தான். லாரியில் போகும்போது தொட்டி கண்டபடி ஆடாமலிருக்க, பின்பக்கத் தகட்டின் வழியாக நீளமான போல்ட்டுகளைப் போட்டு அதை உடம்போடு இறுக்கிவிடுவார்கள். இவைதான் டிரான்சிட் போல்ட். பெரும்பாலும் நான்கு, சில மாடல்களில் மூன்று.

இவற்றைக் கழற்றாமல் ஸ்பின் போட்டால் ஸ்பிரிங்குக்கும் டேம்பருக்கும் வேலையே இருக்காது. அதிர்வு முழுக்க உடம்பில் இறங்கும், மெஷின் நடக்கும். ஓரிரு முறைக்கு மேல் ஓட்டினால் உள்ளேயும் சேதம் வரும்.

என் கதை இதுதான். ஏற்றி வந்தவர்கள் பொறுப்பாக நான்கு போல்ட்டையும் மாட்டித்தான் கொண்டுவந்தார்கள். இறக்கியபின் நானே கழற்றினேன். மூன்றை. நான்காவது, தண்ணீர் பைப்பின் மடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கையில் மூன்று போல்ட் இருக்கிறது, மூன்று போல்ட் மாடல் போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். எனவே மெஷினை முன்னால் இழுத்து, டார்ச் அடித்து, துளைகளை எண்ணுங்கள். போல்ட்டோடு ஒரு பிளாஸ்டிக் குழலும் ரப்பரும் சேர்ந்து வரும்; போல்ட் மட்டும் வந்து குழல் உள்ளேயே தங்கியிருந்தால் அதையும் இழுத்து எடுக்க வேண்டும். எடுத்தபின் துளைகளைப் பிளாஸ்டிக் மூடியால் அடையுங்கள். மூடி தொலைந்திருந்தால் கனமான டேப்பாவது ஒட்டுங்கள். திறந்த துளை எலிக்கும் கரப்பானுக்கும் கதவு.

டாப் லோடில் இந்த போல்ட் பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதில் தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் அல்லது அட்டை முட்டு கொடுத்திருப்பார்கள், அல்லது தொட்டிக்கும் மேல்விளிம்புக்கும் நடுவே துணியைத் திணித்திருப்பார்கள். மூடியைத் திறந்து சுற்றிலும் பாருங்கள், அடியிலும் டார்ச் அடியுங்கள். வழியில் குலுங்காமலிருக்கத் திணித்த பழைய பனியன் இன்னும் அங்கேயே இருக்கலாம்.

தரையும் கால்களும்

போல்ட் பிரச்சினை இல்லையென்றால் பத்துக்கு எட்டு முறை இங்கேதான் விடை. கணக்கு ஒன்று சொல்கிறேன். டிரம்மின் ஓரத்தில் ஒரு கிலோ ஈரத்துணி ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். டிரம்மின் ஆரம் கால் மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 1200 சுற்று. அந்த ஒரு கிலோ, சுமார் 400 கிலோ எடைக்குச் சமமான விசையோடு டிரம்மை வெளிப்பக்கம் இழுக்கும். இழுக்கும் திசையும் வினாடிக்கு இருபது முறை சுற்றி வரும். டாப் லோடு 700 சுற்றில் ஓடினாலும் 130 கிலோவுக்கு மேல். இப்படிப்பட்ட இழுப்பைத் தாங்கும் மெஷினின் நான்கு காலில் ஒன்று அரை மி.மீ. தூக்கலாக இருந்தாலே போதும், தடதடவென்று தாளம் போடும்.

நம் பக்கத்து வீடுகளில் வாஷ் ஏரியாவின் தரை மட்டமாக இருக்கவே இருக்காது. தண்ணீர் ஓட வேண்டுமே என்று கொத்தனார் சாக்கடைத் துளையை நோக்கி வாட்டம் கொடுத்திருப்பார். அது சரியான வேலைதான், மெஷினுக்குத்தான் ஆகாது. இலக்கியம்பட்டியில் நாங்கள் வந்த வீட்டில் இரண்டு அடி தூரத்துக்குள் முக்கால் அங்குலம் சரிவு இருந்தது.

முதலில் மூலைவிட்டமாக ஆட்டிப் பாருங்கள். மேல்தகட்டின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு கையையும் வைத்து மாறி மாறி அழுத்துங்கள். பிறகு மற்ற இரண்டு மூலை. எந்த ஜோடியில் 'டக் டக்' என்று ஆடுகிறதோ, அந்த இரண்டு காலில் ஒன்று தரையைத் தொடவில்லை. அதைக் கண்டுபிடித்து, காலுக்கு மேலே உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, காலைத் திருகி இறக்குங்கள். ரசமட்டத்தை இடவலமாக ஒரு முறையும் முன்பின்னாக ஒரு முறையும் வைத்துப் பாருங்கள். மட்டம் வந்தபின் லாக் நட்டை மேல்நோக்கி, உடம்போடு ஒட்டும்படி இறுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். லாக் நட் இறுகாத கால், பத்து ஸ்பின்னுக்குள் தானாகத் திருகிப் பழைய இடத்துக்கே போய்விடும். சில டாப் லோடு மாடல்களில் முன்கால் மட்டும்தான் திருகும்; பின்கால்கள் தாமாகவே படியும். அப்படிப்பட்ட மெஷினை முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துத் தூக்கி மெதுவாக இறக்கினால் பின்கால்கள் சரியாக உட்காரும்.

கால் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சரிவு அதிகமென்று ஒரே காலை இரண்டு அங்குலம் இறக்கினால் அந்தக் கால் நொண்டும். அந்த அளவு சரிவுக்குக் கல்தான் மருந்து. நம் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் இடங்களில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும். இல்லையென்றால் கடப்பா கல் போதும். மெஷினை விட நான்கு விரல் அகலமாக ஒரே பலகையாக எடுத்து, சிமென்ட் கலவை போட்டு மட்டமாகப் படியவைத்து, இரண்டு மூன்று நாள் காயவிட்டு மேலே மெஷினை வையுங்கள். பளபளப்பான பக்கம் மேலே வந்தால் கால் வழுக்கும். சொரசொரப்பான பக்கமே மேலே இருக்கட்டும். காலுக்கு அடியில் கெட்டி ரப்பர் பேட் வைக்கலாம். ஆனால் பேட் வைத்துவிட்டு மட்டம் பார்க்க வேண்டும். மட்டம் பார்த்துவிட்டு பேட் வைத்தால் திரும்பவும் முதலிலிருந்துதான்.

சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டைப் பற்றி என் கருத்து ஒன்றே ஒன்றுதான்: தூக்கிப் போடுங்கள். கழுவித் துடைக்க வசதி என்று வாங்குகிறோம். மட்டமும் இருக்காது, உறுதியும் இருக்காது, நடக்கிற மெஷினுக்குச் சக்கரம் வேறு மாட்டிவிட்டதாக ஆகும். ஸ்டாண்டு கட்டாயம் வேண்டுமென்றால் வெல்டிங் கடையில் ஆங்கிள் இரும்பில் அடித்து வாங்குங்கள். சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே மூன்று விரல் இடமாவது விடுங்கள். உடம்பு சுவரில் உரசினால் அந்தச் சத்தமே தனி.

துணி போடும் விதம்

மெஷினைக் காலியாக ஸ்பின் போட்டுப் பாருங்கள். காலியாக ஓடும்போது அமைதி, துணி போட்டால்தான் ஆட்டம் என்றால் துணியின் எடை ஒருபக்கமாகச் சேர்கிறது. ஒற்றை ஜமுக்காளம், ஒற்றைக் கம்பளி, ஒற்றை ஜீன்ஸ் இவைதான் பெரிய குற்றவாளிகள். கூட இரண்டு துண்டு போட்டால் எடை பரவும். ரெயின்கோட், ரெக்ஸின் விரிப்பு, மெத்தையின் வாட்டர்புரூஃப் உறை இவற்றை மட்டும் ஸ்பின்னில் போடவே கூடாது. தண்ணீரை உள்ளே பைபோலக் கட்டி வைத்திருந்து, வேகம் எடுக்கும்போது ஒரே பக்கம் தள்ளும். மெஷின் சாய்ந்தே விடலாம்.

உள்ளே ஏதாவது கழன்றிருந்தால்

போல்ட் கழற்றியாகிவிட்டது, மட்டம் சரி, காலியாக ஓடினாலும் இடிக்கிறது. அப்படியானால் பயணத்தில் அடி வாங்கியிருக்கிறது.

டாப் லோடில் தொட்டி நான்கு மூலையிலும் சஸ்பென்ஷன் ராடுகளில் தொங்குகிறது. வண்டியில் படுக்க வைத்தோ அதிகமாகச் சாய்த்தோ கொண்டுவந்தால் ராடு தன் குழியிலிருந்து நழுவிவிடும். மூடியைத் திறந்து பாருங்கள்: தொட்டி நடுவில் இருக்கிறதா, ஒரு மூலையில் தொங்கியதுபோல் இருக்கிறதா? கையால் கீழே அழுத்தி விட்டால் ஒன்றிரண்டு முறை ஆடி நிற்க வேண்டும். ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருந்தால் ராடு தளர்ந்துவிட்டது. நழுவிய ராடைத் திரும்ப உட்காரவைப்பது பெரிய வேலையில்லை. தளர்ந்துபோன ராடை நான்காகவே மாற்றுவது நல்லது. தொட்டியின் மேல்விளிம்பில் ஒரு பருமனான வளையம் இருக்கிறதல்லவா, அதற்குள் உப்புநீர் இருக்கிறது. ஸ்பின்னில் எடையைச் சமப்படுத்துவது அதுதான். விளிம்பில் விரிசலும் உப்புப் பூத்த கறையும் தெரிந்தால் வளையம் ஒழுகிவிட்டது என்று பொருள்.

ஃபிரண்ட் லோடில் கதவைத் திறந்து டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்துத் தூக்கி இறக்குங்கள். டிரம்மும் வெளித்தொட்டியும் சேர்ந்து அசைந்தால் சரி. டிரம் மட்டும் தனியாக 'லொடக்' என்று ஆடினால் பேரிங் போய்விட்டது. ஸ்பின்னின்போது ஜெட் கிளம்புவதுபோல ஓர் உறுமல், பின்பக்கம் துருநிறத்தில் வழிந்த கறை, இரண்டும் அதற்குச் சாட்சி. டிரம்மைப் பின்னாலிருந்து தாங்கும் மூன்று கை அலுமினிய வார்ப்பும் வருடக்கணக்கான சோப்புக் கசடில் அரித்து உடைவதுண்டு. இதெல்லாம் வீடு மாறியதால் வருவதில்லை. முன்பே தொடங்கி, பயணத்தில் வெளியே தெரிந்தது. இதற்கு ஆள் வேண்டும்.

செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. மட்டம் பாருங்கள், ஸ்பின் தொட்டியில் துணியைச் சுற்றிலும் சமமாக அமுக்கி அதன் மேல்தட்டை வையுங்கள், போதும்.

நாற்றம்: எந்த நாற்றம்?

மூக்கை நம்புங்கள். ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்ததுபோன்ற பூஞ்சை வாடை என்றால் மெஷினுக்குள்தான் காரணம். அழுகிய முட்டை அல்லது சாக்கடை என்றால் பெரும்பாலும் வெளியே. செத்த எலி வாடை என்றால் செத்த எலிதான். அடிப்பக்கம் வழியாக உள்ளே போய் மோட்டார் சூட்டில் குடியிருக்கும். வெகுநாள் பூட்டிக்கிடந்த வீட்டுக்குக் குடிபோனவர்கள் இதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். பின் தகட்டைக் கழற்றிப் பார்த்து, வயரை எங்காவது கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், கடித்திருந்தால் ஓட்டாதீர்கள். பிறகு அடியில் வலை அடித்துவிடுங்கள்.

முட்டை வாடைக்கு ஒரு சோதனை. மெஷினுக்கு வரும் குழாயிலிருந்து நேராக ஒரு பாட்டிலில் பாதி பிடித்து, மூடிக் குலுக்கி, மெஷினை விட்டுத் தள்ளி வெளியே போய்த் திறந்து முகருங்கள். அதிலேயே வாடை இருந்தால் குற்றவாளி போர் தண்ணீர் அல்லது கழுவாத மேல்நிலைத் தொட்டி. ஆழத்துத் தண்ணீரில் சிலவகை பாக்டீரியா சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். அந்த வாடைதான் இது. குடிவந்த வாரமே தொட்டியைக் கழுவச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

தண்ணீரில் வாடை இல்லையென்றால் தரையில் சாக்கடைத் துளைக்கு அடியில் இருக்கும் வளைவான நானி டிராப்பைப் பாருங்கள். அதன் வளைவில் இரண்டு அங்குலம் அளவுக்குத் தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சாக்கடைக் காற்று மேலே வராமல் அடைப்பது அதுதான். வீடு மாதக்கணக்கில் காலியாக இருந்தால் அந்தத் தண்ணீர் காய்ந்துவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அதன்பிறகு வாடை நின்றுவிட்டால் மெஷினை வீணாகத் திட்டியிருக்கிறீர்கள்.

டிரெயின் பைப் எங்கே போகிறது?

ஆட்டத்துக்குத் தரை எப்படியோ, நாற்றத்துக்கு இது அப்படி.

ஃபிரண்ட் லோடில் பம்ப் இருக்கும். அதன் டிரெயின் பைப் தரையிலிருந்து இரண்டு முதல் மூன்று அடி உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து இறங்க வேண்டும். தரையோடு போட்டால் பிடிக்கிற தண்ணீர் தானாகவே வெளியே உறிஞ்சப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீரே நிரம்பவில்லை என்று நாம் குழாயைக் குறை சொல்வோம். அதோடு சாக்கடைக் காற்று தடையில்லாமல் டிரம்முக்கு ஏறும்.

நான் செய்த தப்பு இதைவிடப் பெரியது. தண்ணீர் சிதறுகிறதே என்று பைப்பைச் சாக்கடைத் துளைக்குள் ஒரு முழம் விட்டு, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடைத்தேன். நேர்த்தியாக இருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு. பைப்பின் நுனி டிராப்பைத் தாண்டிக் கழிவுக் குழாய்க்குள் முங்கிக் கிடந்தது. துவைத்து முடித்த ஒவ்வொரு முறையும் அந்த அழுக்குத் தண்ணீரில் கொஞ்சம் மெஷினுக்கே திரும்பி வந்தது. சரியான முறை: இரண்டரை அடி உயரத்துக்கு ஒன்றரை அங்குல பிவிசி குழாய், அதன் அடியில் ஒரு யு வளைவு, அதன் வாயில் டிரெயின் பைப்பை நான்கைந்து அங்குலம் மட்டும் விட்டு நழுவாமல் கட்டுங்கள். சுற்றியுள்ள இடைவெளியை அடைக்காதீர்கள். காற்று போய்வர அந்த இடம் வேண்டும்.

டாப் லோடு, செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. நம்மிடம் உள்ள டாப் லோடு மெஷின்களில் பலவற்றில் பம்ப் கிடையாது. தண்ணீர் தன் எடையாலேயே கீழே வடிய வேண்டும். பழைய வீட்டில் பைப் தரையில் கிடந்திருக்கும். புது வீட்டில் சுவரில் ஓர் அடி உயரத்தில் துளை இருக்கிறது என்று அதில் சொருகினால், அந்த உயரத்துக்குக் கீழே உள்ள தண்ணீர் தொட்டியின் அடியிலேயே நிற்கும். இரண்டு நாளில் நாறும். வாசற்படியைத் தாண்டி ஏற்றி இறக்கினாலும் இதே கதிதான். தண்ணீர் வெளியேறும்போது 'உர்ர்' என்று பம்ப் சத்தம் கேட்கவில்லையென்றால் பைப்பைத் தரையோடு, வளைவில்லாமல், சரிவாகப் போடுங்கள்.

ஃபில்டர், ரப்பர், டிராயர்

வீடு மாறும்போது மெஷினுக்குள் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் தங்கித்தான் வரும். இறக்கி வைத்துப் பத்து நாள் ஓட்டாமல் விட்டால் அது ஊறிப்போகும். ஃபிரண்ட் லோடின் முன்பக்கம் கீழே வலது மூலையில் பொதுவாக ஒரு சின்னக் கதவு இருக்கும். உள்ளே ஒரு குட்டி ரப்பர் குழாய் இருந்தால் அதை முதலில் தாம்பாளத்தில் விட்டு வடியுங்கள், பிறகு ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி எடுங்கள். சூடான துவைப்பு முடிந்த உடனே திறக்காதீர்கள், கை வெந்துவிடும். எங்கள் ஃபில்டரில் இருந்தவை: இரண்டு ஊக்கு, ஓர் ஒற்றை ரூபாய், ஹேர்பின், எப்படி வந்ததென்றே தெரியாத ஒரு புளியங்கொட்டை, இவற்றையெல்லாம் சுற்றி மூக்கைப் பொத்தவைக்கும் கறுப்புப் பசை. டார்ச் அடித்து உள்ளே பம்ப் விசிறி தடையில்லாமல் சுற்றுகிறதா என்றும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

கதவு ரப்பரின் மடிப்பைப் பிரித்து அடிப்பக்கத்தைத் துடையுங்கள்; கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. சோப்பு டிராயரை முழுதாக வெளியே இழுத்து, அது உட்காரும் கூட்டின் மேற்கூரையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். டாப் லோடில் பஞ்சு சேரும் பை கிழிந்திருக்கிறதா பாருங்கள். தண்ணீர் பைப் மெஷினோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கிறது. புது வீட்டுக் குழாயின் மணலும் துருவும் அதில் அடைத்திருக்கும். பிளேயரால் மெதுவாக இழுத்துக் கழுவி மாட்டுங்கள்.

டிரம்மைக் கழுவுதல்

இது வரைக்கும் முடித்துவிட்டுத்தான் டிரம் கிளீன் ஓட்ட வேண்டும். பலர் இதிலிருந்து தொடங்கி, பவுடர் மேல் பவுடராகப் போட்டுப் பணத்தை விடுகிறார்கள்.

காலி மெஷினில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஓட்டுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். சுண்ணாம்புப் படிவு கரையும். ஹீட்டர் இல்லாத டாப் லோடில், கை தாங்காத சூட்டில் இரண்டு வாளி வெந்நீர் ஊற்றி (கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்), ஐந்து நிமிடம் சுற்றவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து ஓட்டுங்கள். பூஞ்சை வாடை அப்படியும் போகாவிட்டால், இன்னொரு நாள், கால் லிட்டருக்கும் குறைவாக வீட்டு உபயோக திரவ பிளீச் ஊற்றி, வெந்நீர் இல்லாமல் சாதாரணத் தண்ணீரில் ஓட்டுங்கள். உங்கள் மாடலின் கையேடு பிளீச் கூடாது என்றால் விட்டுவிடுங்கள். சிட்ரிக் ஆசிடோ வினிகரோ பிளீச்சோடு ஒரே ஓட்டத்தில் சேரவே கூடாது. குளோரின் வாயு வரும், ஜன்னலில்லாத வாஷ் ஏரியாவில் அது ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் வெறும் தண்ணீரில் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

உப்புத் தண்ணீர்

எங்கள் மாவட்டத்துத் தண்ணீரின் பெயர் புளோரைடால் கெட்டது. அதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்தது. ஆனால் மெஷினுக்குப் பகை புளோரைடு இல்லை, போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம். பாத்திரத்தில் வெள்ளையாகப் பூக்கும் தண்ணீரில், துணி சோப்போடு அந்த உப்புகள் சேர்ந்து பிசுபிசுப்பான கசடாகி டிரம்மின் வெளிப்பக்கம் ஒட்டும். பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு.

நுரை வரவில்லையே என்று பவுடரை அள்ளிப் போடுவது வழக்கம். அதுவும் கசடாகத்தான் சேரும். துணியே போடாமல், சோப்பும் போடாமல் வெறும் தண்ணீரில் ஓட்டி, ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணாடிக் கதவில் பாருங்கள். நுரை தெரிந்தால் அது போன மாத சோப்பு. எங்கள் வீட்டில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் துவைக்கிறோம். போர் தண்ணீரில் துவைக்க நேர்ந்தால் மாதம் ஒரு முறை சிட்ரிக் ஆசிட். துவைத்து முடித்ததும் கதவைத் திறந்தே வைக்கிறோம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் உள்ளே ஏறிவிடாதபடி ஒரு கண் இருக்கட்டும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது

"ஆடுது, வந்து பாருங்க" என்றால் அவர் எதைத்தான் எடுத்துவருவார்? எந்த மாடல், காலி ஸ்பின்னிலும் ஆடுகிறதா, போல்ட் எத்தனை கழற்றினீர்கள், டிரம்மைத் தூக்கினால் லொடக் என்கிறதா, இவற்றைப் போனிலேயே சொல்லுங்கள். ஸ்பின் சத்தத்தை வீடியோ எடுத்து அனுப்புங்கள். பேரிங், டேம்பர், கடிபட்ட வயர் இவற்றுக்கு அவர் வேண்டும். கால் திருகவும் ஃபில்டர் கழுவவும் வேண்டாம்.

அடுத்த முறை வீடு மாறும்போது, முதல் நாளே குழாயை மூடி, பைப்புகளைக் கழற்றி, ஃபில்டர் வழியாகத் தண்ணீரை வடித்துக் கதவைத் திறந்து காயவிடுங்கள். போல்ட்டைப் போடுங்கள். வண்டியில் நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். எங்கள் நான்கு போல்ட்டும் இப்போது ஒரு பழைய சுருக்குப் பைக்குள், மெஷினின் பின்பக்கத்திலேயே கட்டித் தொங்குகின்றன. பையின் மேல் மார்க்கரில் '4' என்று மனைவி எழுதி வைத்திருக்கிறாள்.